முதற் பந்தி கொறற்றி

எங்கள் பங்கின் வெள்ளிவிழா மலருக்கு மரியகொறற்றியைப் பற்றிச் சொல்லித்தரும்படி என்னிடம் கேட்டார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லுகிறேன், பேத்தி கோபிஷா எழுதுகிறாள். கேட்டவர்கள் போகும்போது, "அந்தப் பந்திக் கதையை மட்டும் சொல்லுங்கோ ஆச்சி, மற்றது வேண்டாம்" என்றார்கள். மற்றது இல்லாமல் பந்திக் கதை இல்லை. ஆகவே இரண்டையும் சொல்லுவேன். போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

கொறற்றி மன்னார் பேசாலைப் பெண். சுவிஸ் நாட்டுப் பீல் நகரத்தில் என் வீட்டுக்கு மேல் மாடியில் இருக்கிறாள். ஆள் கட்டை. ஆனால் கதைக்கத் தொடங்கினால் மண்டபத்துக்கு மைக் தேவையில்லை. கணவன் இறந்து கனகாலம். ஒரே மகன் டினேஸ். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரைக்கும் அவளுக்கு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள் பொருத்துகிற வேலை. ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, மயிர் போன்ற முள்ளைச் சின்னக் குறட்டால் எடுத்து, எண்தட்டின் நடுவில் வைத்து அழுத்த வேண்டும். தும்மினால் முள் போச்சு. "இந்த நாட்டிலை நான் முதல் படிச்சது தும்மாமல் இருக்கத்தான்" என்பாள்.

பக்கத்து மேசையில் இருந்தவர் ஃபிரௌ மோசர் என்ற சுவிஸ் பெண். தொண்ணூற்றோராம் ஆண்டு ஆனி மாதம் இந்த நாட்டுப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வீதிக்கு இறங்கினார்களே, அதைத் தொடக்கிவைத்தவர்கள் மணிக்கூட்டுத் தொழிலாளிப் பெண்கள்தான். ஒரே வேலைக்கு ஆணுக்கொரு சம்பளம், பெண்ணுக்கொரு சம்பளமா என்று கேட்டார்கள். கொறற்றி அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த அகதி. "போனால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்று கணவன் மறித்தார். ஃபிரௌ மோசர் தன் ஊதாச் சால்வையைக் கழற்றி அவளுடைய கழுத்தில் சுற்றி, கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்விட்டார். அந்தச் சால்வை இன்றைக்கும் கொறற்றியிடம் இருக்கிறது.

அந்த நாளிலிருந்து அவளுக்கு இந்தக் கதைகளில் பைத்தியம். பழைய காலத்தில் கடலுக்கு அப்பால் அடிமைகளை விடுவிக்கவேண்டும் என்று கூட்டம் போட்ட பெண்களைப் பற்றி ஃபிரௌ மோசரிடம் கேட்டு வந்து எங்களுக்குச் சொல்லுவாள். அந்தப் பெண்கள் மாநாட்டுக்குக் கப்பலேறிப் போனபோது, பெண்கள் ஆண்களோடு இருக்கக் கூடாது என்று ஒரு பக்கமாய்த் தள்ளி வைத்தார்களாம். அங்கேதான் அவர்களுக்குத் தங்கள் காலிலும் விலங்கு இருப்பது தெரிந்ததாம். மாதர் சங்கக் கூட்டம் எது நடந்தாலும் கொறற்றி இதைச் சொல்லாமல் விடமாட்டாள். எங்களுக்குப் பாடமாகிவிட்டது.

இனிப் பந்திக்கு வருகிறேன்.

ஆவணியில் மடுமாதா திருநாள். பூசை முடிய மண்டபத்தில் சாப்பாடு. முதலில் சுவாமிமார், பிறகு ஆண்கள், பிறகு பிள்ளைகள். விடியமுதல் எழும்பிச் சமைத்த பெண்கள் கடைசி. எங்கள் முறை வரும்போது பொரியல் முடிந்திருக்கும், கறியில் சட்டி வழித்ததுதான் மிஞ்சியிருக்கும். ஆண்கள் கோப்பி குடித்து அரசியல் கதைத்துக்கொண்டு இருப்பார்கள். ஊரில் அப்படி, இங்கேயும் அப்படி. யாரும் கேட்டதில்லை.

ஒரு வருடம் கொறற்றி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு மண்டப வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் ஊதாச் சால்வை.

"இண்டைக்கு முதற் பந்தி சமைச்ச ஆக்களுக்கு."

பங்குச் சபைத் தலைவர் செபஸ்ரியன் சிரித்தார். "அப்ப பரிமாறுறது ஆர், கொறற்றி?"

"உங்களுக்குக் கை இல்லையோ, அண்ணை?"

"எனக்குச் சோறு போடுற அளவு தெரியாது."

"தின்னேக்கை தெரியுதுதானே? அதே அளவு."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அதற்குப் பிறகு அவள் பேசினாள். "சமைச்சவள் நிக்க, மற்றவன் இருந்து சாப்பிடுறது எங்கை நடந்தாலும் அது அடிமைத்தனந்தான். அதுக்குப் பாசமெண்டு பேர் வைக்கிறியள். அப்பிடியெண்டால் ஒரு நாளைக்கு நீங்களும் அந்தப் பாசத்தைக் காட்டுங்கோவன்." யாரோ ஒரு பிள்ளை அதைத் தொலைபேசியில் எடுத்து அனுப்ப, சூரிச், ஆராவ், வின்டர்தூர் என்று எங்கும் போனது. அன்றைக்கு ஆண்கள் பரிமாறினார்கள். ஒருவர் பாயாசத்துக்குள் சாம்பாரை ஊற்றினார். ஆனாலும் நாங்கள் பந்தியில் உட்கார்ந்திருந்து, சுடச்சுடச் சாப்பிட்டோம். அடுத்த வருடம் அது சட்டமாகிவிட்டது. 'முதற் பந்தி கொறற்றி' என்று முதலில் நக்கலாகச் சொன்னவர்கள் பிறகு மரியாதையாகச் சொன்னார்கள்.

மலருக்குக் கேட்டது இவ்வளவுதான். கோபிஷா, நீ எழுது, நான் இன்னும் முடிக்கவில்லை.

டினேசும் அவன் மனைவி அஞ்சலினும் பீலுக்கு மேலே, மலையேறுகிற சின்ன ரயிலில் போகிற லொய்ப்ரிங்கனில் வீடு வாங்கினார்கள். அஞ்சலின் ஆஸ்பத்திரியில் தாதி. ஒரு பெண் பிள்ளை, அடுத்தது வயிற்றில். இந்த நாட்டில் குழந்தைகள் காப்பகத்துக்குக் கொடுக்கிற காசில் ஊரில் ஒரு குடும்பம் சீவிக்கும். அப்போதுதான் பவதாரணி வந்தாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊர்களில் வசதியான வீடுகளில் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து ஒரு பிள்ளையைக் கூட்டி வந்து வைத்திருப்பார்கள். வேலைக்காரி என்று ஒருநாளும் சொல்லமாட்டோம். 'எங்களோடை நிக்கிற பிள்ளை' என்போம். பவதாரணி அஞ்சலினின் தாய் வீட்டில் அப்படிச் சின்ன வயதிலிருந்து நின்றவள். இப்போது முப்பதைத் தாண்டியவள். அவளை ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லி, பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக மூன்று மாத விசாவில் எடுத்தார்கள். மூன்று மாதம் முடிந்தது. குழந்தை பிறந்தது, தவழ்ந்தது, எழுந்து நின்றது. பவதாரணி போகவில்லை.

கொறற்றி ஞாயிறு தோறும் அங்கே போவாள். பவதாரணி கதவைத் திறந்து, "வாங்க பெரியம்மா" என்று சொல்லி மேலங்கியை வாங்கி மாட்டுவாள். சோறு, கறி, பொரியல், சொதி எல்லாம் மேசையில் இருக்கும். டினேசும் மனைவியும் கொறற்றியும் கதிரையில் இருப்பார்கள். பவதாரணி பரிமாறுவாள். "நீயும் இரன் பிள்ளை" என்று கொறற்றி சொல்லுவாள். "அப்புறமா சாப்புடுறேங்க" என்பாள் அவள். அதோடு சரி. எங்கள் வீடுகளில் பரிமாறுகிறவள் பிறகுதானே சாப்பிடுவாள்? அது யாருக்கும் கண்ணில் குத்தவில்லை. மண்டபத்தில் அதற்காகச் சண்டை பிடித்தவளுக்கும் குத்தவில்லை.

போன வருடத்துக்கு முந்திய திருநாளில் கொறற்றி மைக்கை வாங்கி, "இண்டைக்கு வடை முழுக்க என்ரை மருமகள் சுட்டது. இரவு வேலையும் செய்துபோட்டு வந்து சுட்டவள்" என்றாள். எல்லாரும் கைதட்டினோம். அஞ்சலின் தலை குனிந்தாள். அடக்கமான பெண் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். அந்த வடையில் நானும் நாலு சாப்பிட்டேன்.

பிறகு குழந்தையின் முதலாவது பிறந்தநாள் வந்தது. கொறற்றி என்னையும் ஃபிரௌ மோசரையும் கூட்டிப்போனாள். ஃபிரௌ மோசருக்கு எண்பதுக்குக் கிட்ட வயது, கம்பு ஊன்றித்தான் நடப்பார். வீடு நிறைய ஆட்கள். கேக் வெட்டி, சாப்பாடு போட்டார்கள். ஃபிரௌ மோசர் தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பினார். கம்பை மறந்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குள் போனார். கழிவறை தேடுகிறார் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், பவதாரணிக்குப் பக்கத்தில் அடுப்போரமாக நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அஞ்சலின் ஓடிப் போய் டொச்சில், அதுதான் இங்கத்தை ஜேர்மன் மொழியில், ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, அசையாமல் நின்று சாப்பிட்டார். பவதாரணி சாப்பிட்டது, பிள்ளைகள் மிச்சம் விட்ட தட்டிலிருந்துதான்.

திரும்பி வரும்போது அந்த மலை ரயிலில் அவர்கள் இரண்டு பேரும் கதைத்தார்கள். எனக்கு டொச் விளங்காது. கொறற்றியின் முகம் விளங்கியது. கதைத்ததை அவள் பிறகு சொன்னாள்.

ஃபிரௌ மோசர் சின்ன வயதில் தகப்பன் இல்லாத பிள்ளை. அந்தக் காலத்தில் இங்கே அப்படியான ஏழைப் பிள்ளைகளை ஊர்ச்சபை பிடித்துக் கமக்காரர் வீடுகளில் வயல்வேலைக்கு விட்டுவிடும். சம்பளம் இல்லை. 'எங்கள் பிள்ளை' என்று அந்த வீட்டுக்காரர் ஊருக்குச் சொல்லுவார்களாம். கனகாலம் கழித்து அரசாங்கமே எழும்பி நின்று மன்னிப்புக் கேட்டது. இவ்வளவு வருடம் பக்கத்து மேசையில் இருந்தும் அவர் அதைக் கொறற்றிக்குச் சொன்னதில்லை.

"அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறாள், கொறற்றி. நானும் அப்படித்தான் சாப்பிட்டேன். முகம் தெரியாவிட்டால், அவசரமாய் விழுங்குவதும் தெரியாது."

கொறற்றிக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. எங்கள் பெண்கள் எல்லாரும் கடைசியாய்த்தான் சாப்பிடுவார்கள்" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்ததாம். எந்த வழக்கத்தை எதிர்த்து ஊரெல்லாம் பேர் எடுத்தாளோ, அதே வழக்கத்தை எடுத்துத் தன் மகன் வீட்டுக்குக் குடை பிடித்துவிட்டாள். ரயில் கீழே வந்து நின்றது. கொறற்றி எழும்பவில்லை. நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன்.

அடுத்த நாள் திங்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு அவள் மகன் வீட்டுக்குப் போய் மணி அடித்தாள். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

"பிள்ளை, நான்தான். திற."

"பெரியம்மா, அண்ணன் யாருக்கும் தொறக்க வேணாம்னு சொல்லியிருக்காருங்க."

"எனக்குமோ?"

உள்ளே யோசிக்கிறாள் என்பது தெரிந்தது. பிறகு திறந்தாள்.

கொறற்றி உள்ளே போய்ச் சோற்றைச் சூடாக்கி, இரண்டு தட்டில் போட்டு, மேசையில் எதிரெதிரே வைத்தாள். "இரு" என்றாள். "பரவால்லீங்க." "இரு பிள்ளை." பவதாரணி கதிரையின் நுனியில், எந்த நேரமும் எழும்பத் தயாராக இருந்தாள். கொறற்றி கேள்வி ஒவ்வொன்றாகக் கேட்டாள். பாஸ்போட் எங்கே? அஞ்சலின் அக்கா வைத்திருக்கிறாள். வெளியே போவதுண்டா? தள்ளுவண்டியோடு காட்டோரம் வரைக்கும். தாயோடு கதைப்பதுண்டா? ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் போன் தந்தால். படுப்பது எங்கே? கீழே, உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில். குழந்தை இரவில் அழுதால் மேலே ஏறி வருவாள்.

"எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க பெரியம்மா" என்று ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும் சொன்னாள்.

சோற்றைப் பாதி சாப்பிட்டபோது அவளாகவே ஒரு வார்த்தை சொன்னாள். "ஒங்க பேச்ச போன்ல பாத்தேங்க. அக்கா காமிச்சாங்க. சமைச்சவ நிக்க மத்தவங்க ஒக்காந்து சாப்புடக் கூடாதுன்னு. ரொம்ப நல்லா பேசுனீங்க."

குத்திக் கதைக்கிற ஆள் அல்ல அவள். உண்மையாகவே பாராட்டினாள். அதுதான் கொறற்றியால் தாங்க முடியாமல் போனது.

"அந்தத் திருநாளுக்கு வடை..."

"நாந்தாங்க சுட்டேன். காலைல நாலு டப்பாவுல அடுக்கிக் குடுத்தேன். பத்துச்சுங்களா?"

கொறற்றி எழும்பிப் போய்க் கழிவறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டாள். நிறைய நேரம் குழாயைத் திறந்து விட்டிருந்ததாகச் சொன்னாள்.

பின்னேரம் டினேசும் அஞ்சலினும் வந்தபோது அவள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் நின்றாள்.

"இவளின்ரை பாஸ்போட்டை எடு தம்பி."

"எதுக்கு?"

"என்னோடை வாறாள்."

டினேஸ் சிரித்துப் பார்த்தான். "அம்மா, விசரே உங்களுக்கு? அவள் எங்கடை பிள்ளை மாதிரி. ஆரும் அடிச்சனாங்களோ? பட்டினி போட்டனாங்களோ? தாய்க்கு மாதாமாதம் அனுப்புறம்தானே?"

"உன்ரை மகளை நாளைக்கு மெஷினுக்குப் பக்கத்திலை படுக்க விடுவியோ?"

அவனுக்குச் சிரிப்புப் போய்விட்டது. "வெளியிலை தெரிஞ்சால் எனக்கு வழக்கு, அம்மா. வேலை போகும். பெத்த பிள்ளையைக் காட்டிக்குடுக்கப் போறியளோ?"

அப்போது அஞ்சலின் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். அவள் கத்தவில்லை. அதைத்தான் கொறற்றி பல தடவை என்னிடம் சொன்னாள், அவள் கத்தவில்லை என்று.

"மாமி, பிள்ளை வயித்திலை இருக்கேக்கை உங்களிட்டைக் கேட்டனான். கிழமையிலை இரண்டு நாள் வந்து பாருங்கோ எண்டு. கூட்டம் இருக்கெண்டு சொன்னியள். இவரிட்டைச் சட்டி கழுவக் கேட்டன். இவருக்கு நீங்கள் ஒருநாளும் கழுவப் பழக்கேல்லை. நான் ஒருத்தி எத்தினை இடத்திலை நிக்கிறது? நீங்கள் போய் முதற் பந்தியிலை இருந்தியள். அதுக்கு ஆரோ ஒருத்தி என்ரை குசினியிலை நிக்க வேண்டியிருந்தது."

"அதுக்காக..." என்று தொடங்கிய கொறற்றி, அதை விட்டுவிட்டு டினேசிடம் கையை நீட்டினாள். அஞ்சலின் சொன்னதில் பாதி பிழை. பாதி சரி. அந்தச் சரியான பாதி கொறற்றியின் குற்றம்.

பாஸ்போட் வந்தது. பவதாரணி ஒரு பிளாஸ்ரிக் பையோடு வந்தாள். மூத்த பிள்ளை, "பவா, எங்கை போறாய்?" என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதது. அதை இழுத்து எடுத்தது டினேஸ்.

இரண்டாம் நாளே செபஸ்ரியன் கொறற்றி வீட்டுக்கு வந்துவிட்டார். நானும் இருந்தேன். நல்ல மனிதன், சத்தம் போடுகிறவர் இல்லை. "கொறற்றி, உள்ளுக்குள்ளை முடிப்பம். டிக்கற்றைப் போட்டுப் பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடுவம். பொலிஸ், பேப்பர் எண்டு போனால் உன்ரை மகனுக்கு மட்டுமில்லை, இங்கை இருக்கிற தமிழர் எல்லாருக்கும் வெட்கம்."

"வெட்கம் இப்ப இல்லையோ, அண்ணை?"

"இப்ப ஒருத்தருக்கும் தெரியாதே."

கொறற்றிக்கும் அந்த வழி பிடித்திருந்தது. அவளுடைய கண்ணில் அதைக் கண்டேன். மகன் தப்புவான், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமைச் சோறு இருக்கும். மாதாவே என்று விட்டுவிடலாம்.

தேத்தண்ணி கொண்டு வந்த பவதாரணி தட்டத்தோடு கதவடியில் நின்றாள். கொறற்றி அவளைப் பார்த்து, "நீ என்ன சொல்லுறாய், பிள்ளை? ஊருக்குப் போறியோ?" என்று கேட்டாள்.

அவள் செபஸ்ரியனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளிடம் அப்படி ஒரு கேள்வி அதுவரையில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"ஊருக்குப் போகணுங்க. ஆனா இப்புடிப் போகக் கூடாதுங்க. சொந்தக்காரப் பொண்ணு வந்துச்சு, இருந்துச்சு, போயிருச்சுன்னு சொல்லுவாங்க. நான் சொந்தக்காரி இல்லீங்க. நான் வேலை செஞ்சேன். சின்னதுலேருந்து செஞ்சேன். அத ஒரு வாட்டி யாராச்சும் வெளிய சொல்லணுங்க."

செபஸ்ரியன் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பினார்.

அன்று பின்னேரம் கொறற்றி அவளைக் கூட்டிக்கொண்டு, இப்படியான பெண்களுக்கு உதவுகிற அலுவலகத்துக்குப் போனாள். ஃபிரௌ மோசரும் கம்பு ஊன்றிக்கொண்டு போனார். பஸ்ஸில் கொறற்றி அவரிடம் ஒரு கேள்வி கேட்டாளாம். "அடிமைகளுக்காகக் கூட்டம் போட்ட அந்தப் பெண்களின் வீட்டில் அன்றைக்குச் சமைத்தது யார்?" ஃபிரௌ மோசர் யோசித்துவிட்டு, "அதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை" என்றாராம்.

பவதாரணியைப் பெண்கள் காப்பகத்தில் சேர்த்தார்கள். வழக்கு முடியும்வரை இங்கே இருக்கலாம் என்றார்கள். விசாரணையில் கொறற்றியைக் கூப்பிட்டு, உங்களுக்கு இது எப்போது தெரிந்தது என்று கேட்டார்கள். பிறந்தநாளன்று தெரிந்தது என்று அவள் சொல்லியிருக்கலாம். யாரும் மறுக்கமாட்டார்கள். எதிரே டினேஸ் இருந்தான்.

"முதல் நாளே கண்டனான்" என்று அவள் சொன்னாள். "காணாத மாதிரி இருக்கிறது எனக்குச் சுகமாயிருந்தது."

டினேசுக்கும் அஞ்சலினுக்கும் தண்டனை வந்தது. சிறை இல்லை, ஆனால் பேர் கெட்டது, வீட்டை விற்றார்கள். தாயோடு அவன் கதைப்பதில்லை. தெருவில் பேரப்பிள்ளைகளைக் கண்டால் கொறற்றி மற்றப் பக்கமாகப் போய்விடுகிறாள். அவர்கள் வந்து கட்டிப்பிடித்தால் தாய்தகப்பனுக்கு என்ன முகத்தைக் காட்டுவது என்கிறாள்.

அந்த ஆவணித் திருநாளுக்கு அவள் வரமாட்டாள் என்று நினைத்தோம். வந்தாள். சால்வை இல்லை. சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் செபஸ்ரியனிடம் போய் மைக்கைக் கேட்டாள். அவர் கொடுக்கத் தயங்கினார்.

"வேண்டாம் அண்ணை, எனக்கு அது தேவையில்லை" என்று திரும்பி நின்றாள். "போன வருசம் இந்த இடத்திலை நிண்டு நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். வடை சுட்டது என்ரை மருமகள் இல்லை. பவதாரணி எண்ட பிள்ளை. என்ரை மகன் வீட்டிலை சம்பளமில்லாத வேலைக்காரி. சமைச்ச ஆக்களுக்கு முதற் பந்தி எண்டு சொல்லிப்போட்டு, சமைச்சவளை மலையிலை பூட்டி வைச்சிட்டு நாங்கள் இருந்து சாப்பிட்டனாங்கள். அவ்வளவுதான்."

பின்னாலிருந்து ஒருவர், "அப்ப இந்த வருசம் முதற் பந்தி ஆருக்கு?" என்று நக்கலாகக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் பந்தியில் இருக்கவுமில்லை. சோறு ஆறியது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் நின்றோம், ஆண்கள் நின்றார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எங்களில் எத்தனை பேரின் ஊர் வீடுகளில் யார் யார் நின்றார்கள் என்று அவரவருக்குத் தெரியும். கடைசியில் பசித்த பிள்ளைகள்தான் தாங்களாகவே போய் மேசையில் இருந்தார்கள்.

மாரி தொடங்க முன்னர் நானும் கொறற்றியும் ஆராவுக்குப் போனோம். வழக்குக்குப் பிறகும் இருக்க அனுமதி கிடைத்த பவதாரணி, கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போகவென்று, அங்கே ஒரு வயோதிபர் இல்லத்துக் குசினியில் வேலை செய்கிறாள். சின்ன அறை, சன்னலில் செடி. கொறற்றி ஒரு டப்பா வடை சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். மணிக்கூட்டு முள் பொருத்திய கைக்கு அது சரிவரவில்லை, பாதி கருகல்.

பவதாரணி மூன்று கப்பில் தேத்தண்ணி ஊற்றினாள். ஊற்றிவிட்டு முதலில் தான் இருந்தாள். பெரியம்மா என்று கூப்பிடவில்லை. "ஒக்காருங்க" என்றாள். நான் இருந்துவிட்டேன். கொறற்றி நின்றாள். பவதாரணி ஒரு வடையை எடுத்துக் கடித்தாள்.

"உப்புக் கொறைச்சலுங்க."

"ஓம் பிள்ளை."

"மாவு இன்னுங் கொஞ்சம் ஊறணும்."

"ஓம்."

அவள் ஆறுதலாக, எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அந்த வடையைக் கடைசிவரை சாப்பிட்டாள். தேத்தண்ணியையும் குடித்து முடித்தாள். அதற்குப் பிறகுதான் கொறற்றி கதிரையை இழுத்து இருந்தாள். தன் கப்பைத் தூக்கினாள். அது பச்சைத் தண்ணீராக ஆறியிருந்தது. சூடாக்கித் தரட்டுமா என்று பவதாரணி கேட்கவில்லை. கொறற்றியும் கேட்கவில்லை. தலை குனிந்து அப்படியே குடித்தாள்.